ஒரு வண்டிக்கு ஒன்பது குழு

வீரசோழனில் பிளாஸ்டிக் குடமும் வாளியும் விற்கிற மதார் சாகிபுக்கு அறுபத்தோரு வயது வரை யாரும் எந்தப் பதவியும் கொடுத்ததில்லை. அவரும் கேட்டதில்லை. பள்ளிவாசல் வாசலில் தாறுமாறாகக் கிடக்கும் செருப்புகளை ஜோடி சேர்த்து ஓரமாக வைப்பார். அதுதான் அவர் செய்துவந்த ஒரே பொதுக் காரியம். அப்படிப்பட்டவர் திடீரென்று ஒரு நாள் வாகனத் தெரிவுக் குழுவின் ‘பயனாளிப் பிரதிநிதி’ ஆகிவிட்டார். அவருடைய மனைவி மீரான் பீவியின் சிறுநீரகங்கள் இரண்டும் வேலையை நிறுத்திக்கொண்டதால் வந்த பதவி அது.

மீரான் பீவி செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் அருப்புக்கோட்டைக்குப் போய், நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு படுத்து, ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். காலையில் போகும்போது பஸ்ஸில் இடம் கிடைத்துவிடும். திரும்பும்போதுதான் பாடு. டயாலிசிஸ் முடிந்து எழுந்தால் தலை சுற்றும். ஊசி போட்ட கையைத் தூக்கிக் கம்பியைப் பிடிக்க முடியாது. நாலே முக்கால் பஸ்ஸில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சந்தைக் கூடைகளும் தறி வேலை முடிந்தவர்களுமாக அருப்புக்கோட்டையில் பாதி ஏறும். ஒரு தடவை திருச்சுழி வருவதற்குள் மீரான் பீவி நின்றபடியே மயங்கி, ஒரு வெங்காய மூட்டையின் மேல் விழுந்தாள். தரையில் விழாமல் மூட்டையில் விழ வைத்தது அல்லாஹ்வின் கருணை என்றாள். மதார் சாகிபுக்கு அந்தக் கருணையை இரண்டாம் முறை சோதித்துப் பார்க்க மனமில்லை.

அன்றைக்கு அதே பஸ்ஸில் கோட்டைச்சாமி என்று ஒருவன் இருந்தான். அருப்புக்கோட்டைப் பஞ்சுக் கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறவன், திருச்சுழிக்காரன். அடுத்த முறை இவர்கள் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது, பஸ் நிற்பதற்கு முன்பே ஓடிப்போய் ஜன்னல் வழியாகத் தன் துண்டை டிரைவருக்குப் பின்சீட்டில் வீசி வைத்திருந்தான்.

“மாமா, அத்தையை ஏத்துங்க. எடம் போட்டாச்சு.”

அவ்வளவுதான் பேச்சு. அன்றிலிருந்து வாரத்தில் மூன்று நாள் அந்தத் துண்டு விழுந்தது. மீரான் பீவிக்குப் பக்கத்தில், அதே நேரத்தில் டயாலிசிஸ் முடித்து வருகிற திருச்சுழி முத்துமாரியம்மாளும் உட்கார்ந்துகொள்வாள். ஒரு நாள் சலவைச் சட்டைக்காரர் ஒருவர் துண்டை ஒதுக்கிவிட்டு உட்காரப் போனார்.

“அண்ணாச்சி, துண்டு கெடக்கு பாருங்க” என்றான் கோட்டைச்சாமி.

“யாரு துண்டு?”

“யாரு துண்டா இருந்தா என்ன? துண்டு விழுந்த சீட்டுக்குக் கலெக்டரே வந்தாலும் பக்கத்துல நின்னுக்கிட்டுத்தான் வரணும்.”

சலவைச் சட்டைக்காரர் கையை எடுத்துக்கொண்டார். எந்தப் புத்தகத்திலும் இல்லாத சட்டம் இது. புத்தகத்தில் இருக்கிற பல சட்டங்களைவிட ஒழுங்காக நடந்து வருகிறது.

வெங்காய மூட்டைக் கதை போன் வழியாகத் துபாய்க்குப் போனது. அங்கே கடை வைத்திருக்கும் முகம்மது ரபீக் வீரசோழன்காரர், மீரான் பீவிக்குத் தூரத்துச் சொந்தம். கேட்டதுமே, இந்த வழித்தடத்தில் டயாலிசிஸுக்குப் போகிற எல்லாருக்குமாக ஒரு கார் வாங்கித் தருவதாகச் சொன்னார். தனி ஆளிடம் கொடுத்தால் நாளைக்கு ஒரு பேச்சு வரும் என்று நினைத்து, அருப்புக்கோட்டை–திருச்சுழி வட்டார வணிகர் நல்லிணக்க நலச் சங்கத்திடம் பணத்தை ஒப்படைத்தார். கூடவே போனில் பேசி அனுப்பியிருந்தார்.

“மின்சாரக் காரா, இல்ல ப்ளக்-இன் ஹைபிரிட்டா, எது நம்ம ஊருக்குத் தோதுப்படும்னு பாத்து வாங்கிக்கிருங்க. மதார் மாமாவையும் ஒரு வார்த்தை கேட்டுக்கிருங்க.”

இரண்டே வாக்கியம். இரண்டாவது வாக்கியத்தைச் சங்கம் ஒரு நிமிடத்தில் நிறைவேற்றிவிட்டது. மதார் சாகிபின் சட்டையில் ஓர் அட்டையைக் குத்தி, கதவோரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். முதல் வாக்கியத்துக்கு எட்டு மாதம் ஆயிற்று.

முதல் கூட்டத்தில் சங்கத் தலைவர் ராஜகுரு மைக்கைப் பிடித்தார். அருப்புக்கோட்டைச் சங்க அலுவலக அறையில் இருந்தது பதினான்கு பேர். மைக் இல்லாவிட்டாலும் அவர் குரல் காந்தி நகர் வரைக்கும் கேட்கும். நூல் வியாபாரத்தில் மூன்று தலைமுறை.

“இந்த ப்ளக்-இன் ஹைபிரிட்ங்கிறது என்னன்னு நம்ம செயலாளர் ரத்தினச் சுருக்கமா சொல்லுவாரு.”

செயலாளர் செல்வக்குமார் எழுந்தார். இரும்புக் கடைக்காரர், நாற்பது வயது, எதையும் போனில் பார்த்துத்தான் சொல்வார். “மின்சாரக் கார்னா பேட்டரி மட்டும்தான். சார்ஜ் தீந்தா நின்னுரும். மத்ததுல பேட்டரியும் இருக்கும், பெட்ரோல் இஞ்சினும் இருக்கும். வீட்டுல சொருகி சார்ஜ் ஏத்திக்கிறலாம். அது தீந்துபோச்சுன்னா பெட்ரோல்ல ஓடிரும்.”

ராஜகுரு கண்ணை மூடி யோசித்தார். “அதாவது, பெட்ரோல் இஞ்சின் மாமனார் வீடு மாதிரி. போறமோ இல்லையோ, இருக்குங்கிற தைரியம் ஒண்ணு இருக்கு பாருங்க.”

கைதட்டல் எழுந்தது. உவமை குறிப்பேட்டில் பதிவு செய்யப்பட்டது. அந்த வண்டிக்குச் ‘செருகு கலப்பின வாகனம்’ என்று பெயரிடும் தீர்மானமும் நிறைவேறியது. மதார் சாகிபு பாதி எழுந்து நின்றார்.

“தலைவரே, வண்டி எப்ப வரும்?”

“பாய், ஒங்க அவசரம் எனக்குப் புரியுது. ஆனா ஒண்ணு யோசிங்க. நோயாளிக இன்னைக்கு இருப்பாக, நாளைக்கு இருக்கமாட்டாக. சங்கம் நிலைச்சு நிக்கணுமில்ல? நாளைக்கு ஒருத்தன் வந்து, ஏன் இதை வாங்குனேன்னு கேட்டா, நாம ஒரு பைலைக் காட்டணுமா இல்லையா?”

மதார் சாகிபு உட்கார்ந்தார். காட்டத்தான் வேண்டும் என்று அவருக்கும் தோன்றியது. பெரிய மனிதர்கள் பேசும்போது அவருக்கு எப்போதும் அப்படித்தான் தோன்றும். வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்கும்போதுதான் வேறு மாதிரித் தோன்றும்.

வாகனத் தெரிவுக் குழுவுக்குக் கீழே மின்சார ஆய்வுக் குழு, கலப்பின ஆய்வுக் குழு என்று இரண்டு பிறந்தன. பெட்ரோல் பங்க் வைத்திருப்பவர் கலப்பினக் குழுவுக்குத் தலைவர். இன்வெர்ட்டர் பேட்டரி விற்பவர் மின்சாரக் குழுவுக்குத் தலைவர். தங்களுக்கு இதில் சொந்த அக்கறை எதுவுமில்லை என்று இருவரும் தனித்தனியாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஒரு மாதத்தில் இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனதால், ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் போய்ச் சொல்வதற்கு ஓர் ஒப்பீட்டுக் குழு தேவைப்பட்டது.

ஒப்பீட்டுக் குழுவில் ஒருவர், மலை ஏறும்போது எந்த வண்டி திணறும் என்று கேட்டார். வீரசோழனிலிருந்து அருப்புக்கோட்டை வரை நாற்பது கிலோமீட்டருக்கு மேல் சாலை. வழியில் இருக்கிற பெரிய ஏற்றம் கண்மாய்க் கரை. அதில் ஆடுகள் மூச்சு வாங்காமல் ஏறுகின்றன. இதை மதார் சாகிபு எடுத்துச் சொன்னார்.

“பாய், ஒரு நோயாளிக்குக் கொடைக்கானல் பாக்கணும்னு ஆசை வந்தா?” என்றார் ராஜகுரு. “அவுக ஆசையில மண்ணைப் போட நாம யாரு?”

மலைப்பாதை ஆய்வுக் குழு ஒரு டீசல் வேனில் கொடைக்கானல் சென்று மூன்று நாள் தங்கியது. இடமில்லாததால் பயனாளிப் பிரதிநிதியை ஏற்றிக்கொள்ள முடியவில்லை. திரும்பி வந்து பதினோரு பக்க அறிக்கை கொடுத்தார்கள். மலை உயரமாக இருப்பதாகவும், மேலே குளிர் கூடுதலாக இருப்பதாகவும் அதில் கண்டிருந்தது. மதார் சாகிபுக்கு ஒரு பாட்டில் யூகலிப்டஸ் தைலம் வந்தது. மீரான் பீவி நெற்றியில் தேய்த்துக்கொண்டு, “நல்ல மனுசங்கதான். மறக்காம வாங்கியாந்திருக்காகளே” என்றாள். கேலியா நிஜமா என்று மதார் சாகிபுக்குத் தெரியவில்லை. நாற்பது வருடமாகவே தெரியவில்லை.

கரண்ட்டு போனால் மின்சாரக் காரின் கதி என்ன என்ற கேள்வி கிளம்பியதும், மின்தடைக் கவனிப்புக் குழு அமைந்தது. உறுப்பினர்கள் இருவர் காலை முதல் மாலை வரை சங்க அலுவலகத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே பாய் விரித்துப் படுத்துக் கவனித்தார்கள். காற்று நின்றதும் வியர்த்து விழித்து நேரத்தைக் குறித்துவிட்டு, காற்று வந்ததும் மறுபடி கவனிக்கப் படுத்தார்கள். சங்க வரலாற்றில் இவ்வளவு துல்லியமாக வேலை செய்த குழு வேறு இல்லை. மாதாந்திரப் பராமரிப்புக்காக நாள் முழுக்க மின்சாரம் நின்ற அன்று, கலப்பினக் குழு எல்லாருக்கும் லட்டு கொடுத்தது.

ஆறாவது மாதத்தில் பயனாளிகளின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று யாருக்கோ ஞாபகம் வந்தது. அதற்கு ஒரு குழு, நாற்பத்திரண்டு கேள்விகள் கொண்ட படிவம். செல்வக்குமாரே நேரில் வந்தார். டயாலிசிஸ் கூடத்தில் நர்ஸ் விரட்டிவிட்டதால், படிவத்தோடு நாலே முக்கால் பஸ்ஸில் ஏறினார். அவர் பஸ் ஏறிப் பதினைந்து வருடம் இருக்கும். ஒரு கையில் கம்பி, ஒரு கையில் படிவம், பேனா வாயில்.

“தம்பி, அந்த ஓரமாப் போய் நில்லுங்க. கூடை நசுங்குது” என்றாள் ஒரு பெண்.

“அம்மா, நான் சங்கத்துச் செயலாளர்.”

“இருந்துட்டுப் போங்க. கூடையில தக்காளி இருக்கு.”

துண்டு போட்ட சீட்டில் மீரான் பீவியும் முத்துமாரியம்மாளும் கண் மூடிச் சாய்ந்திருந்தார்கள். செல்வக்குமார் குனிந்து கேட்டார்.

“பதினேழாவது கேள்வி. போற வழியில சார்ஜ் தீந்துருமோங்கிற பயம் ஒங்களுக்கு எந்த அளவுக்கு இருக்கு? குறைவு, மிதம், அதிகம்.”

மீரான் பீவி கண்ணைத் திறந்தாள். “எனக்கே வாரத்துல மூணு நாள் சார்ஜ் ஏத்துறாக, தம்பி. அதுல பாதி வீரசோழன் போறதுக்குள்ள இந்தப் பஸ்ஸுலயே எறங்கிருது. அதை எதுல போடுவீக?”

செல்வக்குமார் படிவத்தை மேலும் கீழும் பார்த்தார். “அதுக்குக் கட்டம் இல்லீங்கம்மா.”

“ரெண்டு காருலயும் ஜன்னல் தொறக்குமா?” என்று கேட்டாள் முத்துமாரியம்மாள். “எனக்குக் கொமட்டும்.”

“ரெண்டுலயும் தொறக்கும்.”

“ரெண்டுலயும் ஒக்கார எடம் இருக்குமா?”

“இருக்கும்.”

“பெறகு என்னத்துக்கு இந்தக் காயிதமெல்லாம்? எதையாச்சும் வாங்குங்களேன்.”

செல்வக்குமார் தள்ளாடியபடி எழுதினார்: ‘பயனாளிகள் இரு வாகனங்களையும் சம அளவில் ஆதரிக்கின்றனர்.’ பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. விழப் போனவரைக் கோட்டைச்சாமி பின்னாலிருந்து பிடித்து நிறுத்தினான். திருச்சுழியில் இறங்கும்போது செல்வக்குமாரின் சட்டையில் தக்காளிச் சாறு இருந்தது. அவர் இறங்கின இடத்தில் நின்று, பஸ் திரும்பி மறைகிற வரைக்கும் அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படிவம் பூர்த்தி செய்தவர்கள் ஆறு பேர். அவர்களில் திருச்சுழிப் பெரியவர் சோலைச்சாமி அடுத்த மாதமே இறந்துபோனார். சங்கம் எழுந்து நின்று இரண்டு நிமிட மௌனம் கடைப்பிடித்தது. உட்கார்ந்ததும், அவருடைய படிவம் செல்லுமா செல்லாதா என்ற விவாதம் தொடங்கியது. அவர் கலப்பினத்துக்குக் குறி போட்டிருந்தார். வண்டியில் ஏறப் போகாதவரின் விருப்பத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றது மின்சாரக் குழு. குறி போட்டபோது உயிரோடு இருந்தாரா இல்லையா என்று கேட்டது கலப்பினக் குழு. அன்றைக்கு மதார் சாகிபு பாதி எழவில்லை, முழுதாக எழுந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அட்டையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்துவிட்டார். இரவுத் தொழுகையில் அந்தப் பெரியவருக்காகக் கையேந்தியபோது, தனக்கு நாக்கு கொடுத்தவனிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

இதற்கிடையே சங்க அலுவலகத்துக்குப் பக்கத்தில், சார்ஜ் ஏற்றுவதற்கென்று ஒரு கொட்டகை கட்டி முடிந்திருந்தது. எந்த வண்டி வந்தாலும் சொருகத்தானே வேண்டும் என்ற ஒரு விஷயத்தில் மட்டும் எல்லாருக்கும் ஒத்த கருத்து. அதற்கு எட்டாவது குழு. கொட்டகைக்குக் கல்வெட்டு வைக்க ஒன்பதாவது குழு. கல்லில் தலைவர் முதல் மலைப்பாதைக் குழுவின் வேன் ஏற்பாட்டாளர் வரை நாற்பது பெயர். ரபீக்கின் பெயர் கீழே, பெயின்ட் கடை விளம்பரத்துக்கு மேல். கருங்கல் சொன்ன அளவைவிடப் பெரிதாக வந்துவிட்டது. ரோட்டைப் பார்த்த சுவரில்தான் அது பொருந்தியது.

“தலைவரே, இந்தச் செவத்துல பிளக் பாயின்டு இருக்கு” என்றார் கொத்தனார்.

“அத அப்புறம் பாத்துக்கிறலாம். முதல்ல பேரைப் பதிங்க.”

எட்டாவது மாதம் வாக்கெடுப்பு நடந்தது. ஒரே ஓட்டில் செருகு கலப்பின வாகனம் வென்றது. பங்க்காரரைத் தோளில் தூக்கினார்கள். மறுநாள் தலைவர், செயலாளர், இரு குழுத் தலைவர்கள், கூடவே மதார் சாகிபு, எல்லாருமாக மதுரைக்குப் போனார்கள். ஒரு கார்க் கடை, இரண்டாவது கடை, மூன்றாவது கடை. மூன்றாவதில் இருந்த விற்பனைக்காரர் இளைஞர், பொறுமைசாலி.

“சார், நீங்க கேக்குற வகை வண்டி ஒங்க பட்ஜெட்டுல இங்க யாருகிட்டயும் இல்ல. மின்சாரக் கார் இருக்கு. வேணும்னா இன்னைக்கே புக் பண்ணலாம்.”

“இல்லையா?” என்றார் ராஜகுரு. “எட்டு மாசம் விவாதிச்சிருக்கோம், தம்பி.”

“ஒரு போன் போட்டிருந்தீங்கன்னா முதல் நாளே சொல்லியிருப்பேனே, சார்.”

ராஜகுரு செயலாளரைப் பார்த்தார். செல்வக்குமார் தரையைப் பார்த்தபடி சொன்னார்: “போன் போடுறதுக்குக் குழு அமைக்கல.”

‘நீண்ட, ஆழ்ந்த ஆய்வுக்குப் பின் மின்சார வாகனமே இவ்வட்டாரத்துக்கு உகந்தது என ஒருமனதாக முடிவு செய்யப்பட்டது’ என்று குறிப்பேட்டில் ஏறியது. இன்வெர்ட்டர்காரரைத் தோளில் தூக்கினார்கள். தூக்கியவர்கள் பழைய ஆட்களேதான்.

ஒரு வியாழக்கிழமை மதியம் வண்டி வந்தது. வெள்ளை நிறம், மாலை, சந்தனம், டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம். பூசாரி சூடம் காட்டினார். பள்ளிவாசல் ஹஜ்ரத் துஆ ஓதினார். கடவுளோடு பேசிய இருவரும் இரண்டிரண்டு நிமிடத்தில் முடித்துக்கொண்டார்கள். மனிதர்களோடு பேசியவர்களுக்குத்தான் நேரம் போதவில்லை.

மூன்றரை மணிக்கு டயாலிசிஸ் முடிந்த கையோடு மீரான் பீவியையும் முத்துமாரியம்மாளையும் ஆட்டோவில் அழைத்து வந்து, மேடைக்குக் கீழே ‘பயனாளிகள்’ என்று எழுதிய நாற்காலிகளில் உட்கார வைத்திருந்தார்கள். பந்தல் மேடை வரைக்கும்தான் இருந்தது. இருவருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். வெயிலில் அது நன்றாகச் சுட்டது.

பேச்சுக்கு நடுவே, சார்ஜ் ஏற்றும் முறையைப் பொதுமக்களுக்குச் செய்து காட்ட ராஜகுரு விரும்பினார். செல்வக்குமார் வயரை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனார். சுவரைத் தடவினார். கல்வெட்டைத் தடவினார். ‘ராஜகுரு, தலைவர்’ என்ற எழுத்துக்குச் சரியாகப் பின்னால்தான் பிளக் பாயின்ட் இருந்தது. வயரைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் வெளியே வந்து நின்றார். மதுரையிலிருந்து வந்ததிலும், பெரியவர்கள் மாறி மாறி ஏறி உட்கார்ந்து ஏசி வாங்கியதிலும் பேட்டரி பாதிக்குக் கீழே போயிருந்தது.

எதிரே இட்லிக் கடை வைத்திருக்கும் தங்கலட்சுமி எட்டிப் பார்த்தாள். “இங்கிட்டு கொண்டாங்க. கிரைண்டரை நிப்பாட்டுறேன். நல்ல கனமான பிளக்குதான்.”

“மாவு?” என்றார் செல்வக்குமார்.

“மாவு எங்க ஓடிரப் போகுது? அந்த அக்காமார் ரெண்டு பேரும் வீடு போய்ச் சேரட்டும்.”

கார் ரோட்டைத் தாண்டி இட்லிக் கடை வாசலுக்குப் போனது. பேச்சுகள் தொடர்ந்தன. மணி நாலே முக்கால் ஆனதை மதார் சாகிபு மட்டும் பார்த்தார். ஐந்து ஆயிற்று. ஐந்தரை ஆயிற்று. மீரான் பீவியின் தலை ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியது. முத்துமாரியம்மாள் தன் தோளைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள். அவள் தலையை யார் தாங்குவது என்று தெரியவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கோட்டைச்சாமி வந்தான். சட்டையெல்லாம் பஞ்சுத் தூசி.

“மாமா, பஸ்ஸுல துண்டு போட்டு வச்சுட்டு ஒங்களைப் பாத்துப் பாத்து நின்னேன். வரல. என்னமோ ஏதோன்னு எறங்கி ஆசுபத்திரிக்கு ஓடுனேன். அதுக்குள்ள வண்டியை எடுத்துட்டாரு டிரைவரு.”

“ஒன் துண்டு?”

“அது பஸ்ஸோட போயிருச்சு. சும்மா காலிச் சீட்டுக்கு எடம் போட்டுக்கிட்டுத் திருச்சுழி போகுது.” அவன் சிரித்தான். பிறகு மீரான் பீவியைப் பார்த்து, சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

மேடையில் ராஜகுரு முடிவுரைக்கு வந்திருந்தார். “இப்ப நம்ம வாகனம் முதல் பயணம் கெளம்புது. செயலாளர் ஓட்டுவாரு. நானும், ரெண்டு குழுத் தலைவர்களும், கல்வெட்டுக் குழுத் தலைவரும் நகரத்தை ஒரு சுத்து சுத்தி வருவோம். பயனாளிகள் கைதட்டி வழியனுப்பலாம்.”

மதார் சாகிபு மேடைக்குக் கிட்டப் போனார். “தலைவரே, பெறகு எங்களைக் கொண்டு போய் விடுவாகளா?”

“பாய், கார் ஒங்களுக்குத்தான். அதுல சந்தேகமே வேண்டாம். ஓட்டுநர் நியமனக் குழு அடுத்த மாசம் கூடுது. கூடுன உடனே ஓட்டம்தான்.”

“பஸ் போயிருச்சு, தலைவரே.”

“அடுத்த பஸ் ஏழு மணிக்கு இருக்கே” என்றார் ராஜகுரு மிகவும் கனிவாக. பிறகு போட்டோவுக்காகக் கார் முன்னால் போய் நின்றார். நான்கு தலைவர்களும் சட்டைக் காலரைச் சரிசெய்தார்கள். கார் ஜன்னல்கள் இறங்கியிருந்தன.

மதார் சாகிபு கோட்டைச்சாமியைப் பார்த்தார். கோட்டைச்சாமி தன் வெறும் தோளைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தான்.

மதார் சாகிபின் தோளில் ஒரு வெள்ளைத் துண்டு இருந்தது. அவர் ரோட்டைத் தாண்டிக் காரருகே போய் அதை எடுத்தார், ஒரு உதறு உதறினார். எட்டு மாதம் கோட்டைச்சாமியின் கையைப் பார்த்திருக்கிறார் அல்லவா, கை தானாகப் பழகியிருந்தது. துண்டு ஜன்னல் வழியாக உள்ளே போய், பின்சீட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நீளமாக விரிந்து விழுந்தது.

முத்துமாரியம்மாள் இடுப்பில் செருகியிருந்த மஞ்சள் பையை உருவினாள். “தம்பி, இதையும் போடுங்க.” கோட்டைச்சாமி அதை வாங்கி முன்சீட்டில் வைத்தான்.

போட்டோ முடிந்து தலைவர்கள் திரும்பினார்கள். இன்வெர்ட்டர்காரர் கதவைத் திறந்து குனிந்தார், துண்டைப் பார்த்தார், நிமிர்ந்துவிட்டார். பங்க்காரர் மறுபக்கக் கதவைத் திறந்தார். அவரும் நிமிர்ந்துவிட்டார். பேச்சு நின்றுபோன பிறகு முதல்முறையாக இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“என்ன பாய் இது?” என்றார் ராஜகுரு.

“துண்டு, தலைவரே.”

“அது தெரியுது. ஏன் கெடக்குது?”

“எடம் போட்டிருக்கேன்.”

ராஜகுருவின் கை துண்டை நோக்கிப் போனது. அப்பாவின் நூல் கடையில் எடுபிடியாக இருந்த காலத்தில், தலையில் நூல் கட்டோடு விருதுநகர் பஸ்ஸுக்கும் மதுரை பஸ்ஸுக்கும் முண்டியடித்த கை அது. எத்தனையோ துண்டு போட்டிருக்கிறது, எத்தனையோ துண்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே வந்திருக்கிறது. துண்டுக்கு ஒரு சாண் மேலே வந்து அப்படியே நின்றுவிட்டது.

“சங்க விதிப்படி…” என்று தொடங்கினார்.

“விதியில துண்டைப் பத்தி ஒண்ணும் இல்ல, தலைவரே” என்றார் மதார் சாகிபு. குரல் உயரவில்லை. “பஸ் ஸ்டாண்டுல இருக்கு.”

கூட்டத்தில் ஒரு மூலையில் யாரோ கைதட்டினார்கள். இட்லிக் கடையிலிருந்துதான் சத்தம் வந்தது.

டிரைவர் சீட்டில் இருந்த செல்வக்குமார் இறங்கி வந்தார். தலைவரின் முகத்தைப் பார்க்காமல் மீரான் பீவியின் நாற்காலிக்கு முன்னால் நின்றார். “வாங்கம்மா. ஏறுங்க. கூடை ஒண்ணும் நசுங்காது.” வலக்கையைப் பிடித்தார். ஊசி போட்டது இடக்கை என்று அவருக்கு ஞாபகம் இருந்தது. மீரான் பீவி பின்சீட்டில் சாய்ந்தாள். பக்கத்தில் மதார் சாகிபும் கோட்டைச்சாமியும். குமட்டல்காரி முத்துமாரியம்மாள் முன்சீட்டில், ஜன்னலோரம். தங்கலட்சுமி பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுருட்டி உள்ளே கொடுத்தாள். அடுத்த நொடி கிரைண்டர் ஓடத் தொடங்கியது. கார் கிளம்பியதில் சத்தமே இல்லாததால், கிரைண்டர் சத்தத்தைத்தான் புதுக் காரின் சத்தம் என்று கூட்டத்தில் பாதிப் பேர் நினைத்தார்கள்.

திருச்சுழி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கோட்டைச்சாமியின் துண்டைக் கண்டக்டர் மடித்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அந்தச் சீட்டில் கடைசி வரை யாரும் உட்காரவில்லையாம். வீரசோழன் வந்தபோது மீரான் பீவி நல்ல தூக்கத்தில் இருந்தாள். பஸ்ஸில் வந்த நாட்களில் ஒரு நாளும் அவள் தூங்கினதில்லை. எழுப்ப மனமில்லாமல் வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் காரை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

“பாய், சனிக்கிழமை காலையில எத்தனை மணிக்கு வரணும்?” என்று மெதுவாகக் கேட்டார் செல்வக்குமார்.

“நீங்களா, தம்பி? கடை?”

“இரும்புதான பாய், கெட்டுப் போகாது. அந்தக் குழு கூடுற வரைக்கும் நான் ஓட்டுறேன்.”

அடுத்த கூட்டத்தின் குறிப்பேட்டில் இப்படி எழுதப்பட்டது: ‘முதல் பயணத்தின்போது தலைவர் உள்ளிட்ட நால்வர் தங்கள் இருக்கைகளைப் பெருந்தன்மையுடன் பயனாளிகளுக்கு விட்டுக்கொடுத்தனர்.’ மதார் சாகிபும் அதற்குக் கை தூக்கினார். பொய்தான். ஆனால் திரும்பத் திரும்ப எழுதினால் ஒரு நாள் அவர்களுக்கே அப்படிச் செய்யத் தோன்றக்கூடும் என்று அவர் நம்பினார்.

ஓட்டுநர் நியமனக் குழு இன்னும் கூடவில்லை. செல்வக்குமார் ஓட்டிக்கொண்டிருக்கிறார். கார் இப்போதும் இட்லிக் கடையில்தான் சார்ஜ் ஏறுகிறது, மாவு ஆட்டி முடிந்த பிறகு. மதார் சாகிபின் துண்டு பின்சீட்டிலேயே கிடக்கிறது. துவைக்க எடுக்கிற அன்றைக்கு மட்டும் கோட்டைச்சாமியின் துண்டைப் போட்டு வைக்கிறார்கள்.